மூன்று மாதத்துக்கு ஒருமுறை காய்க்கும் செடி

அன்று எங்கள் லைன் வீட்டில் நான்கு பேர் இருந்தோம். அப்பா கட்டிலில். சேலத்திலிருந்து வந்த ஏஜென்ட், வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில். சாட்சிக் கையெழுத்துக்காக அப்பா கூட்டி வந்த, எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர், எவ்வளவு சொல்லியும் உட்காராமல் வாசற்படி ஓரம். நான் தரையில், மடியில் ஒரு ஆங்கிலப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு. அம்மா இல்லை. காப்பிப் பழம் பறிக்கிற காலம். காலையிலேயே காட்டுக்குப் போய்விட்டாள். இருந்திருந்தால் அப்போதே கேட்டிருக்கக்கூடிய கேள்வியைச் சாயங்காலம் வந்து கேட்டாள். அதற்குள் கையெழுத்துக் காய்ந்துவிட்டது.

அப்பா அந்த மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தார். அவருடைய வேலை நிழல் கழிப்பது. காப்பிச் செடிக்கு முழு வெயிலும் ஆகாது, ஒரேயடியாக நிழலும் ஆகாது. மழைக்கு முன்னால் சில்வர் ஓக் மரங்களில் ஏறி, எந்தக் கொப்பை வெட்டுவது, எதை விடுவது என்று பார்த்துப் பார்த்துக் கழிக்க வேண்டும். முப்பத்திரண்டு வருடம் அதைச் செய்ததற்கு பிராவிடெண்ட் பண்டும் கிராஜுவிட்டியுமாகச் சேர்த்து நாற்பத்திரண்டாயிரம் ரூபாய் வந்தது. எங்கள் குடும்பத்தில் யாரும் அவ்வளவு பணத்தை ஒன்றாகப் பார்த்ததில்லை.

அது ஒரு வீட்டுக்கான பணம். தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம். வேலையில் இருப்பவர் பெயரில்தான் தருவார்கள். அப்பா ஓய்வு பெற்றதும் அது அம்மா பெயருக்கு மாறியது. அம்மாவுக்கு இன்னும் மூன்று வருடம் வேலை இருந்தது. அதற்குப் பிறகு காலி செய்தாக வேண்டும். மலையிலேயே கொட்டச்சேட்டு ஊரில் ஒருவர் ஐந்து சென்ட் இடத்தை முப்பத்தெட்டாயிரத்துக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து, அடுப்பு எந்தப் பக்கம், ஆட்டுக்கல் எந்தப் பக்கம் என்பது வரை சொல்லிவிட்டாள். சுவர்தான் இல்லை, மற்றபடி அந்த வீட்டுக்குள் அவள் நடமாட ஆரம்பித்திருந்தாள்.

ஏஜென்டை வீட்டுக்குக் கூட்டி வந்தது நான். சேலத்தில் பி.காம். முடித்துவிட்டு மலைக்கே திரும்பி, ஏரிக்கரையில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மாதம் இரண்டு முறை எங்கள் லாட்ஜில் தங்குவார். முன்பு தபால் நிலையச் சேமிப்புக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தவர். நல்ல மனிதர். சில்லறையைக்கூட எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொள்வார். ஒருநாள் மேஜைமேல் வழவழப்பான அட்டை போட்ட ஒரு புத்தகத்தை வைத்தார். கரடியூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டை மெட்ராஸ் கம்பெனி ஒன்று வாங்கி, ஒரு டிரஸ்ட் பெயரில் வைத்திருக்கிறது. அந்த டிரஸ்டின் யூனிட்டை யார் வேண்டுமானாலும் வாங்கலாம், ஒன்று பத்து ரூபாய். எஸ்டேட்டில் வரும் வருமானத்தைக் கம்பெனி வைத்துக்கொள்ளாது. செலவு போக மிச்சத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை யூனிட் வைத்திருப்பவர்களுக்கே பிரித்துக் கொடுத்துவிடும். பேங்கில் அப்போது நூற்றுக்குப் பன்னிரண்டு. இதில் பதினெட்டு எதிர்பார்க்கலாம் என்று அட்டையிலேயே போட்டிருந்தது.

நான் ரிசப்ஷன் மேஜையிலேயே கணக்குப் போட்டேன். நாற்பதாயிரம் போட்டால் நாலாயிரம் யூனிட். மூன்று மாதத்துக்கு ஆயிரத்து எண்ணூறு. அது என் லாட்ஜ் சம்பளத்தைவிடப் பெரிது இல்லை. ஆனால் எதுவும் செய்யாமல் வருவது. மூன்று வருடம் வாங்கிக்கொண்டு, அம்மா ஓய்வு பெறும்போது யூனிட்டை விற்று இடத்தை வாங்கிவிடலாம். அதுவரை வந்த பணத்தில் சுவரே எழுப்பலாம். கொட்டச்சேட்டுக்காரரும் "எனக்கு அவசரமில்லீங்க, இடம் எங்க ஓடிப் போகுது" என்று சொல்லியிருந்தார்.

இதுதான் என் யோசனை. இன்றும் அதில் தப்பு எங்கே என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னால் எனக்குக் காட்டத் தெரியாது.

அன்று அப்பா ஏஜென்டிடம் முதலில் கேட்டது டிரஸ்டைப் பற்றி.

"ஏனுங்க, டிரஸ்ட்டுன்னா நம்ம கோயில் டிரஸ்ட்டாட்டமா?"

"அதே மாதிரிதானுங்கண்ணா. சொத்து டிரஸ்ட் பேர்ல இருக்கும். கம்பெனிக்காரனே நெனச்சாலும் தன் பேருக்கு மாத்திக்க முடியாது."

அப்பா முகம் தெளிந்தது. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வருடா வருடம் போகிறவர். டிரஸ்ட் என்ற சொல் அவருக்கு அங்கிருந்துதான் தெரியும். டிரஸ்ட் பணம் என்றால் சாமி பணம். அதில் கை வைக்கிறவன் குடும்பம் விளங்காது. கம்பெனிக்காரர்களும் அந்தப் பயத்தோடுதான் இருப்பார்கள் என்று அவர் முடிவு செய்துகொண்டார்.

"யூனிட்டுன்னா?"

"கரண்டு பில்லுல வருமே, அந்த மாதிரி ஒரு அளவுங்க" என்று ரைட்டர் வாசலிலிருந்தே சொன்னார்.

"அதுல யூனிட் ஏறுனா நாமல்ல பணம் கட்டோணும்?"

எல்லோரும் சிரித்தோம். ஏஜென்ட் ரொம்பச் சிரித்தார். "இதுல ஏறுனா அவன் உங்களுக்குக் கட்டுவானுங்கண்ணா."

பிறகு அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ படிச்சுச் சொல்லு சாமி. அவரு விக்க வந்தவரு, நல்லதாத்தான் சொல்லுவாரு. புஸ்தகத்துல என்ன எழுதியிருக்குதோ அத அப்படியே சொல்லு."

ஏஜென்ட் கோபித்துக்கொள்ளவில்லை. "நல்லாப் படிங்க தம்பி" என்றார்.

நான் படித்தேன். பள்ளி முழுக்கத் தமிழில் படித்து, கல்லூரியில் திடீரென்று ஆங்கிலத்துக்கு வந்தவன். ஒவ்வொரு வரியையும் மனசுக்குள் தமிழாக்கித்தான் வாசிப்பேன். காப்பி விலை ஏறலாம், இறங்கலாம் என்று ஒரு பக்கத்தில் இருந்தது. சொன்னேன். "அது நமக்குத் தெரியாததா" என்றார் அப்பா. யூனிட்டின் விலையும் ஏறலாம், இறங்கலாம் என்று இருந்தது. அதையும் சொன்னேன். "பழம் எறங்குனா அதுவும் எறங்கும். செரி, மேல." பிறகு சின்ன எழுத்தில் ஒரு வரி. பிரித்துத் தரும் பணத்தில் சில சமயம் 'ரிட்டர்ன் ஆஃப் கேப்பிட்டல்' என்பதும் அடங்கியிருக்கலாம்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இது எனக்குத் தெரிந்தது. இரண்டாம் ஆண்டுப் பாடத்தில் 'ரிட்டர்ன் ஆன் கேப்பிட்டல்' என்று ஒரு தலைப்பு உண்டு. பரீட்சைக்குக் கட்டாயம் வரும். போட்ட முதலுக்குக் கிடைக்கிற ஆதாயம். அது அதிகமாக இருந்தால் கம்பெனி நல்ல கம்பெனி. நடுவில் இருந்த சின்னச் சொல்லை நான் பார்க்கவே இல்லை. கேப்பிட்டல் இருக்கிறது, ரிட்டர்ன் இருக்கிறது, போதாதா?

"நாம போட்ட முதலுக்கு ஆதாயமும் சேத்துத் தருவாங்களாமுங்கப்பா. வருமானத்துக்கு மேல."

அப்பா ஏஜென்டைப் பார்த்தார். ஏஜென்ட் என்னைப் பார்த்தார். அவருக்கும் அது தெரியாது என்று இப்போது தோன்றுகிறது. தெரிந்திருந்தால் அவர் தன் பணத்தையும் அதில் போட்டிருக்க மாட்டார். அன்றைக்கு அவர், "தம்பி பி.காம். ஆச்சே" என்று மட்டும் சொன்னார். அப்பா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அவருக்கு எழுதத் தெரிந்தது அந்த ஒன்றுதான். நான் எட்டாவது படிக்கும்போது சொல்லிக்கொடுத்தது.

சாயங்காலம் அம்மா கூடையை இறக்கி வைத்து, கைகால் கழுவி, தலைத்துணியை உதறிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். முடிந்ததும் என்னிடம் கேட்டாள்.

"காப்பித் தோட்டந்தானே கண்ணு அது?"

"ஆமாங்கம்மா."

"காப்பி வருசத்துக்கு ஒருக்காத்தான் காய்க்குது. மொளகும் அப்படித்தான். மூணு மாசத்துக்கு ஒருக்காப் பணம் வருதுன்னா, மூணு மாசத்துக்கு ஒருக்காக் காய்க்கற செடி எது?"

அப்பா சிரித்தார். "ஏ புள்ள, அது கம்பெனி. செடி காய்க்கறன்னைக்கே பணம் தருவானா? மொத்தமா வித்து வெச்சுட்டு நாலாப் பிரிச்சுத் தருவான்."

நானும் அதையேதான் சொன்னேன். அறுவடைப் பணத்தை பேங்கில் வைத்திருந்து நான்கு பங்காகத் தருவார்கள் என்று விளக்கினேன். அது உண்மையும்கூட, ஆரம்பத்தில் அப்படித்தான் தந்திருக்க வேண்டும். அம்மா "ஓ" என்றாள். அடுப்பைப் பற்ற வைக்கப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே, "காய்க்காத வருசம்?" என்றாள். அப்பா அதைக் கேட்காதது மாதிரி இருந்தார். எனக்குக் கேட்டது. புத்தகத்தில் தேடிப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டேன், தேடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிக் கரடியூர்ப் பக்கம் போனார். டிரஸ்ட் எஸ்டேட்டைப் பார்க்க. உள்ளே போகவில்லை, பாதை ஓரமாகவே நடந்தோம். சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் மிளகுக்கொடி ஏறி, கீழே காப்பி. அப்பா அண்ணாந்து ஒவ்வொரு மரமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். "கழிச்சவன் வேலை தெரிஞ்சவன்" என்றார். பிறகு திடீரென்று நின்று, "இதுல நம்ம மரம் எத்தனை சாமி?" என்று கேட்டார்.

அப்படியெல்லாம் பிரிக்க முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. புத்தகத்தில் மொத்த யூனிட்டும் இருந்தது, எத்தனை மரம் என்பதும் இருந்தது. பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் வகுத்துப் பார்த்தேன். பதினொன்று வந்தது.

அப்பா வளைவிலிருந்து எண்ணிப் பதினொரு மரம் எடுத்துக்கொண்டார். கடைசி மரத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். அதன் பிறகு வீட்டில் யார் வந்தாலும், "நம்ம பதினொண்ணு நல்லா இருக்குதுங்க" என்பார். சொந்தக்காரர்கள் அதை ஆடு என்று நினைத்துக்கொண்டார்கள்.

பணம் வந்தது. சொன்னபடியே, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, லாட்ஜ் முகவரிக்கு, ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு ஒரு செக். கூடவே ஒரு துண்டுச் சீட்டு. அதில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் இன்கம், இன்னொன்றில் அந்த ரிட்டர்ன் ஆஃப் கேப்பிட்டல். முதல் சீட்டில் முதல் கட்டத்தில் ஆயிரத்து எண்ணூறு, இரண்டாவதில் வெறும் கோடு. மூன்றாவது சீட்டில் முதல் கட்டத்தில் ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாவதில் முந்நூறு. நான் சந்தோஷமாக அப்பாவிடம் ஓடினேன். "ஆதாயம் ஆரம்பிச்சிருச்சுங்கப்பா."

அன்று பஜாரிலிருந்து அரைக் கிலோ ஜாங்கிரி வாங்கி வந்தோம். இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

அம்மா சீட்டுகளை அடுப்பு மேலே தொங்கிய ஒரு கம்பியில் குத்தி வைத்தாள். பணத்தில் பாதியைத் தபால் நிலையத்தில் போட்டோம். மீதி செலவானது. எப்படிச் செலவானது என்று கேட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. அப்பாவுக்குக் கம்பளி. எனக்கு லாட்ஜுக்குப் போட்டுப் போக இரண்டு சட்டை. வாரத்துக்கு ஒருநாள் கறி. ஒரு கல்யாணத்தில் நூற்றொன்று மொய் எழுதினோம். அதற்கு முன் எங்கள் வீட்டு மொய் பதினொன்றைத் தாண்டியதில்லை. போட்ட முதலில் கை வைக்கிறோம் என்று தெரிந்திருந்தால் அம்மா ஒரு ரூபாயைத் தொட விட்டிருக்க மாட்டாள். வருமானம் என்று சொன்னார்கள், நானும் சொன்னேன். வருமானம் என்றால் செலவழிக்கிறது.

இரண்டாம் வருடம் காப்பி விலை இறங்கியது. மலை முழுக்க அதே பேச்சு. பல எஸ்டேட்டுகளில் ஆள் குறைத்தார்கள். அப்பாவுக்குக் கவலை. ஆனால் எங்கள் செக் குறையவில்லை. அதே ஆயிரத்து எண்ணூறு. "டிரஸ்ட்டுல்ல" என்றார் அப்பா, எல்லோரிடமும். சீட்டில் மட்டும் இரண்டு கட்டங்களும் இடம் மாறிக்கொண்டிருந்தன. இன்கம் அறுநூறு, இன்னொன்று ஆயிரத்து இருநூறு. ஆதாயம் வருமானத்தைவிட இரண்டு மடங்கு. எனக்கே கொஞ்சம் அதிகம்தான் என்று பட்டது. ஆனால் அதிகமாக இருப்பதைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பது?

அந்த மாசியில் அப்பாவுக்கு ஒரு வேலை வந்தது. டிரஸ்ட் எஸ்டேட்டில் சில்வர் ஓக் வெட்டுகிறார்கள். செடி நசுங்காமல் மரத்தைச் சாய்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். நாள் கூலி முப்பத்தைந்து. அப்பா துள்ளிக்கொண்டு போனார். ஓய்வு பெற்று வீட்டில் இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை.

முதல் நாள் சாயங்காலம் வந்து கட்டிலில் உட்கார்ந்தவர் வேட்டியில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"எத்தனை வெட்டறாங்க?" என்றாள் அம்மா.

"வெட்டற மரத்துக்கெல்லாம் அடியில சுண்ணாம்பு அடிச்சு வெச்சிருக்கறாங்க. பாதிக்கு மேல."

"நெழலுக்கு?"

"மேஸ்திரிகிட்டக் கேட்டேன். மெட்ராஸ்ல இருந்து உத்தரவுன்னான். மரத்துக்கு நல்ல வெலையாம். வித்தா யூனிட்டுக்காரங்களுக்குத்தான் பணம்னான். நானும் யூனிட்டுக்காரன்தான்டான்னேன். சிரிக்கறான்."

"நம்ம பதினொண்ணு?"

"சுண்ணாம்பு அடிச்சிருக்குது."

அம்மா அடுப்பில் விறகைத் தள்ளினாள். அப்பாவே சொன்னார், "அதக் கடைசியா விடச் சொல்லியிருக்கறேன். நானே வெட்டறேன்னேன். வேற எவனாச்சும் வெட்டுனா கொடியோட, செடியோடக் கொண்டாந்து போட்டுருவான்."

இருபத்தாறு நாள் வேலை. கடைசி நாள் நான் லாட்ஜில் விடுப்புச் சொல்லிவிட்டுப் போனேன். ஏன் போனேன் என்று சரியாகத் தெரியவில்லை. படித்தவன் ஒருவன் பக்கத்தில் இருந்தால் நல்லது என்று தோன்றியது. அப்பா மிளகுக்கொடியை ஒவ்வொரு மரத்திலிருந்தும் கையால் பிரித்து இறக்கி, பக்கத்தில் சுருட்டி வைத்தார். அது பிழைக்காது என்று அவருக்குத் தெரியும். இருந்தும் இறக்கினார். பிறகு மரத்தைப் பாதைப் பக்கமாக, ஒரு செடிகூட ஒடியாமல் சாய்த்தார். பதினொன்று முடிந்தபோது அந்த வளைவு எனக்கு அடையாளமே தெரியவில்லை. காப்பிச் செடிகள் நேராக வெயிலில் நின்றன.

"வெட்டுன மரம் நம்மளுது. வெட்டுன கூலி நமக்கு. வித்த காசும் நமக்கே வருமாமா" என்றார் அப்பா கோடாலியைத் துடைத்துக்கொண்டே. "எனக்கு ஒண்ணும் வெளங்கல சாமி. உனக்கு வெளங்குதா?"

"கணக்குப்படி சரிதானுங்கப்பா" என்றேன்.

அந்தக் காலாண்டுக்கும் ஆயிரத்து எண்ணூறு வந்தது. சீட்டில் இன்கம் இருநூறு. இன்னொன்றில் ஆயிரத்து அறுநூறு.

அந்தச் சீட்டைக் கம்பியில் குத்துவதற்காக மற்றவற்றை எடுத்தேன். எட்டுச் சீட்டையும் வரிசையாகத் தரையில் வைத்துப் பார்த்தது அன்றுதான். முதல் கட்டம் இறங்க இறங்க இரண்டாம் கட்டம் ஏறியது. இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஒரே தொகை. ஆதாயம் என்றால் ஒரு வருடம் ஏறும், ஒரு வருடம் குறையும். இப்படித் தராசு மாதிரி எதிர்த்தட்டில் உட்கார்ந்துகொண்டு சரிக்கட்டாது. கல்லூரிப் புத்தகத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். சீட்டைப் பக்கத்தில் வைத்தேன். புத்தகத்தில் 'ஆன்'. சீட்டில் 'ஆஃப்'.

முதலுக்குக் கிடைக்கும் ஆதாயம் இல்லை. முதலே. நாங்கள் போட்ட பணத்தை எங்களுக்கே கொஞ்சம் கொஞ்சமாகத் தந்துகொண்டிருந்தார்கள். பதினெட்டு என்ற பெயர் கெடக்கூடாது என்று, பழத்தில் வராததை மரத்தில் எடுத்து, எங்களிடமே கொடுத்து, சீட்டிலும் அதை ஒளிக்காமல் எழுதியிருந்தார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. இதுதான் என்னைக் குழப்புகிறது. பொய் சொல்லியிருந்தால் கோபப்பட ஒரு ஆள் கிடைத்திருப்பான்.

வீட்டில் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆனது. சொன்னபோது அம்மாவுக்குப் புரிய வைப்பதற்காக அந்த இரண்டு சொற்களையும் சொன்னேன்.

"ஆனு, ஆஃபு" என்றாள் அம்மா. "லைட்டு சுவிட்சா?"

"இல்லீங்கம்மா. இது வேற ஆஃப்."

"செடி காய்க்கலைன்னா செடியவே வித்துக் குடுத்திருக்கறான். அதுக்கு எதுக்குக் கண்ணு ரெண்டு வார்த்தை?"

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

அந்த வருடம் காப்பி பூக்கப் பெய்ய வேண்டிய பூ மழை தள்ளிப் போனது. நிழலில்லாத செடிகள் பங்குனி வெயிலில் இலை பழுத்து உதிர்ந்தன. பூத்ததும் கருகியது. அடுத்த செக் தொள்ளாயிரம். அதற்கடுத்ததும் தொள்ளாயிரம். பிறகு செக் இல்லை. ஒரு கடிதம் மட்டும் வந்தது. இந்தக் காலாண்டில் பங்கீடு இல்லை என்று இரண்டு வரி.

ஏஜென்ட் லாட்ஜுக்கு வந்தபோது தாடி விட்டிருந்தார். தன் பணமும், மச்சினன் பணமும் சேர்ந்து போனது என்றார். நான் அவரைத் திட்டத் தயாராக இருந்தேன். அதைக் கேட்டதும் சாவியைக் கொடுத்தேன். ராத்திரிச் சாப்பாடு வேண்டுமா என்றுகூடக் கேட்டேன். மறுநாள் வீட்டுக்கு வந்தார். இந்த முறை நாற்காலியில் உட்காரவில்லை.

"வித்துரலாமுங்கண்ணா. இன்னும் எறங்கும். இப்ப யூனிட் ரெண்டரை ரூபாய்க்குப் போகுது."

"பத்து ரூபாய்க்கு வாங்குனது" என்றார் அப்பா.

"காப்பி வெலையும் எறங்கிருச்சு. அதோட பேங்க்ல வட்டி ஏத்திட்டாங்களுங்க. அங்க வட்டி ஏறுனா யூனிட் வெலை எறங்குமாமா. சனங்க அங்க போயிருவாங்கல்ல."

அப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார். "ஏனுங்க, பேங்க்ல வட்டி ஏறுனா நம்ம செடி என்னத்துக்குங்க வாடோணும்?"

ஏஜென்ட் என்னைப் பார்த்தார். பதில் எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு அதைத் தமிழில் சொல்ல வரவில்லை. இப்போதும் எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன்.

யூனிட்டை விற்றுத் தந்தார். கமிஷன் எடுத்துக்கொள்ளவில்லை. பத்தாயிரம் ரூபாய்க்குச் செக்கை அவரே கொண்டு வந்தார். அம்மா டீ கொடுத்தாள். டம்ளரைத் தொடாமல், "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்கக்கா" என்று போனார்.

கொட்டச்சேட்டு இடத்தை அதற்குள் சேலத்துக்காரர் ஒருவர் வாங்கி, வருடத்துக்கு இரண்டு முறை வந்து தங்குவதற்கு வீடு கட்ட ஆரம்பித்திருந்தார். அம்மா ஓய்வு பெற்றதும் லைன் வீட்டைக் காலி செய்து, பஜாருக்குப் பின்னால் ஒரு அறையும் சமையலறையும் உள்ள வாடகை வீட்டுக்கு வந்தோம். அடுப்பு வைக்கிற இடத்தை வீட்டுக்காரர் ஏற்கெனவே கட்டி வைத்திருந்தார். அம்மா எதிர்ச்சுவரைப் பார்த்தாள். பிறகு அங்கேயே பற்ற வைத்தாள்.

சாமான்களை இறக்கிய அன்று அந்தக் கம்பி, சீட்டுகளோடு, ஒரு பானைக்குள்ளிருந்து வந்தது. "மொத்தம் எவ்வளவு போச்சு கண்ணு?" என்றாள் அம்மா. அதுவரை யாரும் கேட்காதது.

நான் நோட்டை எடுத்தேன். பேங்கில் போட்டிருந்தால் என்ன வட்டி வந்திருக்கும், இடம் இப்போது என்ன விலை, தபால் நிலையத்தில் போட்ட பாதிக்கு என்ன வட்டி என்று ஒரு பக்கம் எழுதினேன். ஒவ்வொரு வழியிலும் ஒவ்வொரு விடை வந்தது. ஒரு வழியில் எழுபதாயிரத்தைத் தொட்டது.

"அதெல்லாம் வேண்டாம்" என்றாள் அம்மா. "போட்டது எவ்வளவு, வந்தது எவ்வளவு?"

போட்டது நாற்பதாயிரம். எட்டு முறை ஆயிரத்து எண்ணூறு, பதினாலாயிரத்து நானூறு. இரண்டு முறை தொள்ளாயிரம், ஆயிரத்து எண்ணூறு. விற்றது பத்தாயிரம். போனது பதின்மூன்றாயிரத்து எண்ணூறு என்று கோடு போட்டேன்.

"கூலிய உட்டுட்ட" என்றார் அப்பா. அவர் புது வீட்டின் நிலைப்படியில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்.

"எந்தக் கூலிங்கப்பா?"

"மரம் வெட்டுனேனே. இருபத்தாறு நாள்."

"அது நீங்க ஒழைச்சதுங்கப்பா. அத இதுல சேக்கக் கூடாது."

"மரமும் நம்மளுதுதானே. அதுல இருந்து வந்ததுதானே. சேத்துக்க."

சேர்ப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. இன்கமா, மற்றதா, எந்தக் கட்டம் என்று தெரியவில்லை. அம்மாவைப் பார்த்தேன். அவள் தலையாட்டினாள். இருபத்தாறு நாளுக்கு முப்பத்தைந்து வீதம் தொள்ளாயிரத்துப் பத்து ரூபாயைக் கழித்தேன்.

பன்னிரண்டாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு ரூபாய்.